மைனஸ் இருபதில் ஒரு டம்ளர் பால்

ஜனவரி 6, செவ்வாய்

இந்த டைரி ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி கொடுத்தது. அட்டையில் ஒரு ஜெர்சிப் பசு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கால்நடை வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு. பால் பண்ணையில் இருபத்து நாலு வருஷமாகக் கொழுப்புச் சத்துப் பார்க்கிற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வேறு எந்த டைரி வந்து சேரும்?

இன்று ஊழியர் மன்றத்தின் சுற்றுலாச் சுற்றறிக்கை வந்தது. குற்றாலமும் கொடைக்கானலும் சலித்துப்போய் இந்த வருஷம் இமயமலையாம். உத்தரகாண்டில் பனியில் நடந்து ஏறுவது, மார்ச் கடைசியில் ஆறு நாள். ஏற்பாடு, டெஸ்பாட்ச் பிரிவு எட்வின். விலக நினைப்பவர்கள் மார்ச் 5 மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தான். அந்தக் கோடு எனக்காகப் போட்டது.

முதல் பெயர் என்னுடையது. எப்போதுமே முதல் பெயர் என்னுடையதுதான். பெயர் கொடுப்பதில் பாளையங்கோட்டையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போவதில்தான் சின்னச் சிக்கல். இதுவரை பதினாலு சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்து, பதினாலிலும் கடைசி வாரம் குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகியிருக்கிறேன். குடும்பச் சூழ்நிலை என்றால் பெரும்பாலும் என் அண்ணன் மனைவி உலகம்மாள் மதினி. கல்யாணம் காட்சி இல்லாத நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். மதினிக்கு அவ்வப்போது உடம்பு படுத்தும்.

என் பெயருக்கு அடுத்து இரண்டாவதாக, தாணுலிங்கம், குளிர்பதனப் பிரிவு. கையெழுத்து மணி மணியாக இருந்தது. சும்மா கவனித்தேன்.

ஜனவரி 7, புதன்

நான் போவேனா மாட்டேனா என்று ஆபீஸில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு டீயும் வடையும். போகமாட்டேன் என்று பத்தொன்பது பேர். போவேன் என்று ஒரே ஒருவர். யார் என்று எட்வின் சொல்ல மறுத்துவிட்டான். நானும் கேட்கவில்லை. நாலு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

ஜனவரி 10, சனி

கொண்டு வரவேண்டிய பொருள்களின் பட்டியல் வந்தது. பூட்ஸ், கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: ‘எடை குறைந்த, செயற்கைப் பஞ்சு வைத்த ஜாக்கெட் ஒன்று.’ ஜாக்கெட் என்றதும் ஒரு ஜோக் வருமில்லையா, அதை ஆபீஸில் பதினோரு பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் சொல்லப்போவதில்லை.

எட்வினின் மச்சான் ராணுவத்தில் இருக்கிறார். அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றை எட்வின் பார்வைக்குக் கொடுத்தான். தொட்டால் மேகம் மாதிரி இருந்தது. வீட்டில் ஹாலில் போட்டு நடந்து காட்டினேன். மதினி கேட்ட முதல் கேள்வி, “உள்ள என்னட்டி வச்சிருக்கான்?” வாத்து இறகு என்றேன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். மதினி அதைக் குடைக் கம்பியால் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

விடியற்காலையில் எதிர்பாராத மழை. மேகம் செத்துவிட்டது. கொடியில் தொங்கியது ஜாக்கெட் இல்லை, நனைந்த கோழி. இறகெல்லாம் ஓர் ஓரமாகத் திரண்டு கட்டி கட்டியாக நிற்கிறது. இனி எட்வினுக்கு என்ன பதில் சொல்வது?

ஜனவரி 12, திங்கள்

எட்வின் கோபப்படவில்லை. மச்சானுக்கும் அவனுக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லையாம். அந்த நனைந்த கோழியை எடுத்துக்கொண்டு குளிர்பதனப் பிரிவுக்குப் போனேன். துறை சார்ந்த சந்தேகம், அவ்வளவுதான்.

தாணு சார் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் இருந்து மாற்றலாகி வந்தவர். வந்த புதிதிலேயே மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் ஓசூரில். அதிகம் பேசமாட்டார். ஆனால் இன்று ஜாக்கெட்டை வாங்கி ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“குளிரத் தடுக்கது இறகும் இல்ல, பஞ்சும் இல்ல மேடம். அதுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குல்லா காத்து, அதுதான். நம்ம கோல்டு ரூம் சுவரும் அப்படித்தான். இறகு நனைஞ்சா அமுங்கிரும், காத்து போயிரும். செயற்கைப் பஞ்சு நனைஞ்சாலும் கொஞ்சம் நிமிந்து நிக்கும்.”

நான் எம்.எஸ்சி. வேதியியல். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.

ஜனவரி 28, புதன்

மூன்று ஜாக்கெட்டுகள் தபாலில் வந்தன. மூன்றிலும் பாலியெஸ்டர் பஞ்சு, மூன்றையும் திருப்பி அனுப்பலாம். கறுப்பு கனமானது. நீலம் மெலிசு. சாம்பல் நிறம் இரண்டுக்கும் நடுவில். எதை வைத்துக்கொள்வது? பாளையங்கோட்டையில் ஜனவரியிலேயே ஃபேன் ஓடுகிறது. இங்கே எந்தக் குளிரில் போட்டுப் பார்ப்பது?

அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரிலேயே மைனஸ் இருபது கையில் வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள்தான். எங்கள் வெண்ணெய் அறை அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

உணவு இடைவேளையில் பரிசோதனை நடத்தினேன். மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் அறுபது டிகிரி சூட்டில் பால். ஒவ்வொரு டம்ளரையும் ஒரு ஜாக்கெட்டில் குழந்தை மாதிரி சுற்றி, வெண்ணெய்ப் பெட்டிகளின் மேல் வரிசையாக நிற்க வைத்தோம். அரை மணி நேரம். வெளியே கதவருகில் நானும் தாணு சாரும் காத்திருந்தோம், பிரசவ வார்டு வாசல் மாதிரி. அவர் தலையில் குரங்குக் குல்லாய். மூக்கு மட்டும் வெளியே. நல்ல மூக்கு. அறிவியல் ஆர்வத்தில் குறித்து வைக்கிறேன்.

கறுப்பு: ஐம்பத்திரண்டு. சாம்பல்: நாற்பத்தொன்பது. நீலம்: நாற்பத்து மூன்று. கறுப்புதான் வெற்றி, ஆனால் தூக்கினால் கன்றுக்குட்டி கனம். சாம்பல் முந்நூற்று நாற்பது கிராம். அதன் பைக்குள்ளேயே அதைத் திணித்து மடித்தால் அரைக் கிலோ ரவைப் பொட்டலம் அளவுக்கு வந்துவிடுகிறது. “இதுதான் மேடம்,” என்றார். பரிசோதனைப் பாலை ஆளுக்கு ஒன்றரை டம்ளர் குடித்தோம்.

ஜனவரி 30, வெள்ளி

சாம்பலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பை கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

இன்னும் இரண்டு வந்தன. பழுப்பு நிறத்துக்குத் தொப்பி இல்லை. ஊதா நிறத்துக்கு ஜிப் சத்தம் பல்லி மாதிரி. பால் சோதனை நடந்தது. தாணு சார் வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவந்திருந்தார், அவரே சுட்டது. கல்லாக இருந்தது. ஆடுகிற பல்லோடு இரண்டு தின்றேன். இரண்டு ஜாக்கெட்டும் திரும்பிப் போயின.

பிப்ரவரி 8, ஞாயிறு

நடைப் பயிற்சி தொடங்கினேன். முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு மைதானத்தை மூன்று சுற்று. வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு டைரியைத் திறந்தால் இன்றைய குறிப்பு: ‘வயதான பசுக்களை ஓட விடாதீர்கள்.’

பிப்ரவரி 13, வெள்ளி

எட்வின் சிரித்துக்கொண்டே கேட்டான், ஜாக்கெட் கிடைக்கவில்லை என்பதுதான் இந்த வருஷக் காரணமா என்று. எனக்குக் கோபம் வந்தது. நல்ல ஜாக்கெட்டைத் தேடுவது ஒரு குற்றமா? மலையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆறு ஜாக்கெட் பார்த்தால் அதிகமா? எட்டு? பதினொன்று?

மதினிக்கு இரண்டு நாளாக லேசான இருமல். கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

மதினியின் இருமல் நின்றுவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

அந்தச் சாம்பல் நிற ஜாக்கெட் மறுபடியும் வந்து நிற்கிறது. நான் வாங்கவில்லை. தாணு சார் தன் மகளிடம் சொல்லி, அவள் ஆர்டர் செய்து, ஆபீஸ் முகவரிக்கே வரவழைத்துவிட்டார். “பை உயரம்னு சொன்னீய. போட்டுப் பாருங்க, கை தானா அங்கதான் போகும்,” என்றார். போட்டேன். கை தானாக அங்கேதான் போனது.

மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். “யாருக்குப்பான்னு கேட்டா,” என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கம்ப்ரசர் சத்தம் அதிகமாக இருந்தது.

இனி ஜாக்கெட் என்ற பிரச்சினை தீர்ந்தது. நிம்மதி.

பிப்ரவரி 21, சனி

தூக்கமில்லை. கொசு.

பிப்ரவரி 26, வியாழன்

ஜாக்கெட்டை ஆணியில் மாட்டியிருக்கிறேன். தலையில்லாத மனுஷர் ஒருவர் சுவரோரமாக நின்று, கிளம்பியாச்சா என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

மார்ச் 2, திங்கள்

இஸ்திரிக்குப் போட்டவை: அண்ணன் வேட்டி நாலு, சட்டை மூன்று, என் சேலை ஆறு, மற்றும் சில.

மார்ச் 3, செவ்வாய்

பெரிய விபத்து. ஜாக்கெட் எப்படியோ துணி மூட்டையோடு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போயிருக்கிறது. இசக்கி கரிப்பெட்டியை வைத்துத் தேய்த்துவிட்டான். புசுபுசுவென்று இருந்த ஜாக்கெட் அப்பளமாகிவிட்டது. முதுகில் இரண்டு இடத்தில் துணி இளகி ஒட்டிக்கொண்டது. தோள்பட்டையில் ஒரு மடிப்பு, தாசில்தார் சட்டை தோற்கும்.

ஆபீஸில் காட்டினேன். எவ்வளவு வருத்தத்தோடு காட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும். இனி இரண்டு நாளில் வேறு ஜாக்கெட்டுக்கு எங்கே போவது, இந்த முறையும் விதி விடவில்லை, பெயரை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். எட்வின் பேனாவைத் திறந்தான். தாணு சார், “அஞ்சாம் தேதி வரைக்கும் இருக்குல்லா,” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை வாங்கிக்கொண்டு வெண்ணெய் அறைக்குள் போனார். டம்ளரும் கையுமாகத்தான் போனார். அரை மணியில் இருபத்தாறு டிகிரியாம். திரும்பி வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பதினெட்டு சாம்பிளுக்குக் கொழுப்பு பார்த்தேன். எல்லாம் தப்பு.

மார்ச் 4, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் விட்டு வந்து மாடி ஜன்னலருகே நின்றிருந்தேன். எங்கள் வீட்டை ஒட்டிய தெருமுனையில் தாணு சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. என்னைத் தேடி அல்ல, நேராக இசக்கியின் வண்டிக்கு. பஞ்சு வைத்த துணியில் கரிப்பெட்டியை வைக்கலாமா என்று அவர் கேட்டது அரைகுறையாகக் கேட்டது. இசக்கி சொன்னது முழுசாகக் கேட்டது.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். அக்காதான், நல்லா அழுத்தித் தேயி, மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும்னு கூடவே நின்னு தேச்சு வாங்கிட்டுப் போனாவ. தேய்க்கும்போது அழுதாவ. புகைன்னு நினைச்சேன்.”

இசக்கிக்கு ஞாபகசக்தி அதிகம். இவனெல்லாம் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

அந்த நேரம் பார்த்து மதினி கீரை வாங்கப் போய் அங்கே நின்றுவிட்டார். தாணு சார் மரியாதையாகக் கும்பிட்டு, தான் யார் என்று சொல்லி, “உங்களுக்கு இப்ப உடம்பு தேவலையா? பித்தப்பை ஆபரேஷன் செஞ்ச இடம் ஒண்ணும் செய்யலேல்லா?” என்று விசாரித்தார்.

மதினி, தனக்குப் பித்தப்பை பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.

தாணு சார் குழம்பிப் போனார். எடுத்தாச்சே என்றார். மூன்று தடவை. போன சுற்றுலாவுக்கு, அதற்கு முந்தினதற்கு, இன்னும் ஒரு தடவை கொடைக்கானலுக்கு. தவிர இடுப்பெலும்பு முறிவு ஒன்று, டைஃபாய்டு இரண்டு, காசி யாத்திரை ஒன்று. மனுஷர் ஒன்பது வருஷ விலகல் கடிதங்களையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அவ்வளவையும் எதற்கு ஒருவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

மதினி மெதுவாகத் தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தார். நான் திரைச்சீலையாக மாற முயன்றேன்.

மதினி தாணு சாரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஹாலில் விசாரணை. அண்ணன் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். மதினி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் என்னைக்காவது உன்ன போகாதன்னு சொல்லிருக்கனா செண்பகம்? எம் பேரச் சொல்லி ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்க. ஊரெல்லாம் என்ன நினைச்சிருக்கும், இவ வச்சுப் பூட்டியிருக்கான்னுல்லா.”

எனக்கு எந்த ஜோக்கும் வரவில்லை. மதினி காபி போட உள்ளே போனார், அண்ணனையும் பேப்பரோடு இழுத்துக்கொண்டு. அந்தக் காபி போட இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

தாணு சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த அப்பளம்.

“பனின்னா பயமா மேடம்?”

“பனிக்குப் பயமில்ல.”

“பின்ன?”

“போகாம இருக்க வரைக்கும், போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சிக்கிட்டே இருக்கலாம் சார். போயிட்டு வந்துட்டா அப்புறம் நினைக்க என்ன இருக்கு?” சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அவர் ஜாக்கெட்டின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். “ஒன்பது டூரும் நான் போயிருக்கேன். உங்க சீட்டு என் பக்கத்துலதான் போடுவான் எட்வின். நீங்க வரமாட்டீய. அதுல அவன் பையைத் தூக்கி வச்சுருவான். ஒன்பது வருஷமா அவன் பைகூடத்தான் ஊர் சுத்துதேன். எனக்கும் அலுத்துட்டு.”

மதினி காபியோடு வந்தார். ஆறியிருந்தது. மூன்று பேரும் அப்படியே குடித்தோம்.

மார்ச் 5, வியாழன்

மாலை மணி ஐந்தே கால். எட்வின் மேஜைக்கு எதிரே நாலரையில் இருந்து நின்றேன், வாயைத் திறக்காமல். இருபத்து நாலு வருஷத்தில் நான் இத்தனை நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததில்லை என்று மேலாளரே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்து அடித்ததும் எட்வின் பேனாவை மூடினான்.

போவேன் என்று பந்தயம் கட்டிய அந்த ஒருவர் யார் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு இப்போது பத்தொன்பது டீயும் பத்தொன்பது வடையும் வர வேண்டும். ரத்தக் கொழுப்பு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

புது ஜாக்கெட் வந்துவிட்டது. மதினி வாங்கியது. அண்ணனின் போனை வாங்கி, உள்ளே பஞ்சுதானே இறகு இல்லையே என்று மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லி, நாலே நிமிஷத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நான் அறுபது நாளில் பதினோரு ஜாக்கெட் பார்த்தவள். நிறம் கிளிப்பச்சை. “பனியில தொலைஞ்சா தேடணும்லா,” என்பது மதினியின் விளக்கம். அளவு ஒரு சுற்று பெரிது. உள்ளே ஸ்வெட்டர் போட அது சரிதான். காலர் ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கொடுத்தார்.

பால் சோதனைக்கு எடுத்துப்போனேன். தாணு சார், வேண்டாம் என்றார். சோதனை இல்லாமலேயே பால் குடித்தோம்.

மார்ச் 22, ஞாயிறு

ரயில். எட்வின் தன் பையை மேலே வைத்தான்.

மார்ச் 25, புதன்

கூடாரம். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். வெந்நீர் கேட்டால் இங்கே கொஞ்சம் பனியை உருக்கித் தருகிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

உச்சிக்குப் போய் வந்துவிட்டேன்.

விடியும்போது கிளம்பினோம். கிளிப்பச்சையைப் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்து, கிளி மாதிரியே புறப்பட்டேன். இருபது நிமிஷத்தில் தொப்பலாக வேர்த்தது. வழிகாட்டி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, கழற்றிப் பைக்குள் வையுங்கள், இது நடக்கும்போது போடுகிற சாமான் இல்லை, நின்றால் போடுவது என்று சைகையில் விளக்கினார். இரண்டரை மாதம். பதினோரு ஜாக்கெட். எவ்வளவோ பால். இந்த ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. நடக்கிறவர்களுக்கு அது தேவையே இல்லையாம்.

அப்புறம் ஏறினோம். ஏறினோம் என்பதா, தவழ்ந்தோம் என்பதா? தாணு சாருக்கு உயரம் என்றால் பயம் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. கீழே பார்க்காமல், முன்னால் போகிற என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதனால் நான் நிற்க முடியவில்லை. நின்றால் அவரும் நிற்பார், நின்றால் கீழே பார்ப்பார். ஆகவே அந்த வயதான பசு இன்றைக்கு நிற்காமல் ஏறியது.

மேலே போனதும் காற்று அறைந்தது. பொடிப் பனி வேறு பெய்யத் தொடங்கியது. எல்லோரும் அவசரமாக ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார்கள். கையுறையோடு எனக்கு ஜிப் பிடிபடவில்லை. தாணு சார் தன் கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, குனிந்து, ஜிப்பைக் கோத்து, மெதுவாக மேலே இழுத்தார். விரல் என் தாடைக்குக் கீழே வந்து நின்றது. வெண்ணெய் அறைக் குளிர். விரலை உடனே எடுக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

சுற்றிலும் இருந்த மலைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். சரியாகக் கவனிக்கவில்லை. வெள்ளையாக இருந்தன.

ஒரு பாறையில் உட்கார்ந்தோம். பனி கிளிப்பச்சையில் விழுந்து உருகி ஓடியது. உள்ளே சூடாகவே இருந்தது. அவர் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டே கேட்டார்.

“ஊருக்குப் போன பொறவு, ஒரு நாள் வீட்டுக்கு வந்து உங்க அண்ணாச்சியப் பாக்கட்டுமா?”

“அண்ணன் எதுக்கு? அவர் பேப்பர்தான் படிப்பார். மதினியப் பாருங்க. கீரை வாங்கிட்டு வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகக் கீழே, அத்தனை பள்ளத்தையும் பார்த்தார். கண்ணை மூடவில்லை.

வழிகாட்டி விசில் அடித்தார். இறங்க வேண்டும், ஜாக்கெட்டைக் கழற்றுங்கள் என்று எல்லோருக்கும் சைகை. எல்லோரும் கழற்றினார்கள். எட்வின் என்னையும் கழற்றச் சொல்லி இரண்டு தடவை கத்தினான். அந்த ஜிப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை. வேர்க்க வேர்க்க அப்படியே இறங்கி வந்தேன்.